நிறுத்தச் சொல்வது நம் உரிமை. நிறுத்துவது வங்கியின் கடமை

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் காசோலைப் புத்தகம் இன்னும் மறைந்துவிடவில்லை. வாடகை வீட்டுக்கு முன்பணம், கூரை பழுதுபார்ப்பவருக்கு முதல் தவணை, பிள்ளைகளின் இசை வகுப்புக் கட்டணம், தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டுச் சந்தா, கோவில் திருப்பணிக்கு நன்கொடை என்று மாதத்திற்கு நான்கைந்து காசோலைகளையாவது எழுதாத வீடு குறைவு. எழுதிக் கொடுத்த காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கியிடம் சொல்ல நேரும் நாளும் என்றாவது வரத்தான் செய்கிறது. வேலைக்கு ஒப்புக்கொண்டவர் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு தலைமறைவாகிறார். அஞ்சலில் அனுப்பிய காசோலை உரியவரிடம் போய்ச் சேரவில்லை. வீட்டைக் காட்டி முன்பணம் பெற்றவர் அவ்வீட்டின் உரிமையாளரே அல்லர் என்று பின்னர் தெரிய வருகிறது. இத்தகைய நேரங்களில் வங்கிக்கு நாம் இடும் கட்டளையே 'ஸ்டாப் பேமெண்ட்' எனப்படுகிறது. இக்கட்டுரையில் அதனை நிறுத்த ஆணை என்று அழைப்போம்.

ஆணையிட்ட பிறகும் வங்கி அக்காசோலைக்குப் பணம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? இங்குதான் நம்மவர் பலர் தோற்றுப்போகின்றனர். "கணினியில் தவறிவிட்டது; பணம் பெற்றவரிடம் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று வங்கி முகப்பில் இருக்கும் அலுவலர் சொன்னால், அதுவே சட்டம் என்று எண்ணித் திரும்பிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கம், விசா நிலையில் இருக்கும்போது வம்பு எதற்கு என்ற அச்சம், பெரிய நிறுவனம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழைய பணிவு ஆகிய மூன்றும் சேர்ந்து நம்மை வாய்மூடச் செய்கின்றன. அந்த அலுவலரின் விடை சட்டத்தின் விடை அன்று என்பதை எடுத்துச் சொல்வதே இத்தலையங்கத்தின் நோக்கம். உரிமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்னும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி மட்டும் அறிந்த உரிமை சில வேளைகளில் அறியாமையைவிடக் கூடுதல் கேட்டை விளைவிக்கும்.

சட்டத்தின் அடிப்படை

காசோலைகளைப் பற்றிய விதிகள் இந்நாட்டில் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களில் உள்ளன. 'யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட்' எனப்படும் சீர்வணிகச் சட்டத்தொகுப்பை மாநிலங்கள் தத்தம் மாறுதல்களுடன் ஏற்று இயற்றியுள்ளன. அத்தொகுப்பின் நான்காம் பகுதி வங்கிகளையும் வாடிக்கையாளர்களையும் பற்றியது. அதில் 403ஆம் பிரிவே நிறுத்த ஆணைக்கு உரியது. 1990இல் மூன்றாம், நான்காம் பகுதிகள் விரிவாகத் திருத்தப்பட்டன. பெரும்பாலான மாநிலங்கள் அத்திருத்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. சில மாநிலங்கள் கூடுதல் நிபந்தனைகள் வைத்திருப்பதால், தம் மாநிலத்தின் சட்டத்தையும் வங்கியுடன் செய்துகொண்ட கணக்கு ஒப்பந்தத்தையும் வாசகர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்பிரிவின் பின்னால் உள்ள கருத்து எளிமையானது. நாம் வங்கியில் போட்டிருக்கும் பணம் உண்மையில் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். காசோலை என்பது அக்கடனிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று நாம் வங்கிக்கு இடும் கட்டளை. கட்டளையிட்டவருக்கு அதனைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. நாம் உண்மையாக இட்ட கட்டளையின்படி, முறையாகக் கொடுக்கத்தக்க காசோலைக்கு மட்டுமே நம் கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு என்று 401ஆம் பிரிவு கூறுகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டளையின்மேல் வங்கி பணம் கொடுத்தால், அது தன் பணத்தைக் கொடுத்ததாகவே முதலில் கருதப்பட வேண்டும்.

இச்சட்டத்திற்கு எழுதப்பட்ட அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பு இதனை மேலும் தெளிவாக்குகிறது. நிறுத்த ஆணையை நிறைவேற்றுவது வங்கிக்குக் கடினமாகவும் தொல்லையாகவும் செலவு மிக்கதாகவும் இருக்கலாம். ஆயினும் அது வாடிக்கையாளர் எதிர்பார்க்கும், பெறத் தகுதியுள்ள சேவை. எப்போதாவது நேரும் தவறுகளின் இழப்பை வங்கித் தொழிலின் ஒரு செலவாக வங்கிகளே சுமக்க வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். சேவையை விற்று இலாபம் காண்பவரே அச்சேவையில் ஏற்படும் பிழையின் விலையையும் ஏற்க வேண்டும் என்ற இந்நெறி, முகப்பில் நமக்குச் சொல்லப்படுவதற்கு நேர் எதிரானது.

யார், எப்படி, எத்தனை நாள்

காசோலை எழுதியவர் மட்டுமல்லாமல், அக்கணக்கில் காசோலை எழுத அதிகாரம் பெற்ற எவரும் நிறுத்த ஆணை இடலாம். கூட்டுக் கணக்கில் கணவர் எழுதிய காசோலையை மனைவி நிறுத்தலாம். மனைவி எழுதியதைக் கணவர் நிறுத்தலாம். இருவர் கையெழுத்து தேவைப்படும் சங்கக் கணக்கானாலும், நிறுத்துவதற்கு அவர்களில் ஒருவரின் ஆணையே போதுமானது. தமிழ்ச் சங்கங்களின் பொருளாளர்கள் இதனை நினைவில் கொள்வது நல்லது. ஆனால் காசோலையைப் பெற்றவர் நிறுத்த ஆணை இட முடியாது. அவர் அதனைத் தொலைத்துவிட்டால், எழுதியவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

வாய்மொழியாகத் தொலைபேசியில் இடும் ஆணையும் பொதுவாகச் செல்லும். ஆனால் 14 நாட்களுக்குள் அதனை எழுத்து வடிவில் உறுதி செய்யாவிட்டால் அது காலாவதியாகிவிடும். எழுத்தில் இட்ட ஆணை ஆறு மாதங்கள் செல்லுபடியாகும். அக்காலம் முடிவதற்குள் மேலும் ஆறு மாதங்களுக்குப் புதுப்பிக்கலாம். ஆறு மாதங்கள் கடந்த பழைய காசோலைக்குப் பணம் கொடுக்கும் கடமை வங்கிக்கு இல்லை. ஆனால் நல்லெண்ணத்துடன் கொடுத்தால் அது குற்றமும் ஆகாது. ஆகவே நிறுத்த ஆணை முடிந்தபின், பழைய காசோலை எப்படியும் செல்லாது என்று நம்பி இருந்துவிடுதல் தவறு. ஏழாம் மாதத்தில் அக்காசோலை வங்கிக்கு வந்து, பணமும் போய்விடலாம்.

முன்தேதியிட்ட காசோலையைப் பற்றியும் ஒரு சொல். வரும் மாதத் தேதியை எழுதிக் கொடுத்தால் அத்தேதிக்கு முன் பணம் எடுக்க முடியாது என்று நம் ஊர்ப் பழக்கத்தால் எண்ணுகிறோம். இங்கு நிலைமை வேறு. அக்காசோலையை விவரித்து வங்கிக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருந்தாலன்றி, தேதிக்கு முன்னரே வங்கி பணம் கொடுக்கலாம். 1990ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது.

குடும்பத்தில் இறப்பு நேரும்போதும் இந்த உரிமை பயன்படும். கணக்கு வைத்திருந்தவர் இறந்தது வங்கிக்குத் தெரிந்திருந்தாலும், அவர் முன்பே எழுதிய காசோலைகளுக்கு இறந்த நாளிலிருந்து பத்து நாட்கள் வரை வங்கி பணம் கொடுக்கலாம். அக்கணக்கில் உரிமை கோரும் ஒருவர் நிறுத்தச் சொன்னால் வங்கி நிறுத்தியாக வேண்டும். துயரின் நடுவே இதனை யார் நினைப்பார் என்று கேட்கலாம். முதிய பெற்றோரின் காசோலைப் புத்தகம் பிறர் கையில் அகப்பட்டிருக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் நினைத்தே ஆக வேண்டும்.

ஐம்பது காசு வேறுபாடும் கணினியும்

கணினித் துறையில் பணியாற்றுவோர் மிகுந்த சமூகம் நம்முடையது. ஆகையால் 1981இல் பென்சில்வேனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கு நமக்குச் சிறப்பாகப் பொருந்தும். எஃப்.ஜே.எஸ். எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் ஃபிடெலிட்டி வங்கியிடம் ஒரு காசோலையை நிறுத்தச் சொன்னது. காசோலையின் உண்மையான தொகை 1,844 டாலர் 98 காசு. ஆணையில் சொல்லப்பட்டதோ 1,844 டாலர் 48 காசு. வங்கியின் கணினி, தொகையின் ஒவ்வோர் இலக்கமும் பொருந்தினால்தான் காசோலையை நிறுத்தும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஓர் இலக்கம் மாறியதால் காசோலை தடையின்றிச் சென்றுவிட்டது.

தவறு வாடிக்கையாளருடையது என்று வங்கி வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக இத்தகைய கணினி முறையைத் தேர்ந்துகொண்டது வங்கி; துல்லியம் இவ்வளவு இன்றியமையாதது என்பதை வாடிக்கையாளருக்கு உணர்த்தாத நிலையில் அம்முறையின் அபாயத்தையும் வங்கியே ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பின் உட்பொருள். மென்பொருள் எழுதுவோருக்கு இதில் பாடம் உண்டு. நாம் எழுதும் நிரலின் குறையை அதனைப் பயன்படுத்தும் எளியவரின் தலையில் சுமத்திவிடுவது அறமன்று. பல வேளைகளில் சட்டமும் அன்று.

எனினும் இத்தீர்ப்பை நம்பி இன்று இலக்கங்களில் அலட்சியம் காட்டலாகாது. 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காசோலையை நியாயமான உறுதியுடன் அடையாளம் காணுமாறு வாடிக்கையாளர் விவரிக்க வேண்டும். அக்காலத்தில் நடைமுறையில் உள்ள தொழில்நுட்பத்தைக் கொண்டு வங்கி அடையாளம் காண இயலுமா என்பதே அளவுகோல் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. துல்லியமான இலக்கம் தேவை என்று வங்கி தெளிவாக முன்னறிவித்திருந்தால், இலக்கம் பிழைத்தவரின் வாதம் வலுவிழந்துவிடும். ஆகவே கணக்கு எண், காசோலை எண், தேதி, பெறுநர் பெயர், தொகை ஆகிய ஐந்தையும் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தே சொல்ல வேண்டும்; நினைவிலிருந்து சொல்லலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அஞ்சல் பெட்டிகளிலிருந்து காசோலைகளைத் திருடி, மையை இரசாயனத்தால் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதும் மோசடி அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அமெரிக்கக் கருவூலத்தின் நிதிக்குற்றப் பிரிவான ஃபின்சென் 2023 பிப்ரவரியில் இதுகுறித்து எச்சரிக்கை விடுத்தது. காசோலை மோசடி பற்றி நிதி நிறுவனங்கள் அனுப்பிய சந்தேக அறிக்கைகள் 2021இல் 3,50,000க்கும் மேல் இருந்து 2022இல் 6,80,000க்கும் மேல் உயர்ந்ததாக அது தெரிவித்தது. திருடப்பட்ட காசோலையின் தொகை மாற்றப்பட்டிருக்கும் ஆதலால், தொகையை வைத்துத் தேடும் ஆணை அதனைப் பிடிக்காமல் போகலாம். ஆகையால் இந்த எண்ணுள்ள காசோலையை எத்தொகைக்கு வந்தாலும் நிறுத்துமாறு கேட்பதே பாதுகாப்பு. தொகை திருத்தப்பட்டது நிறுத்த ஆணைக்கு அப்பாற்பட்ட தனிக் குறை. நாம் எழுதிய தொகைக்கு மேற்பட்டதை நம் கணக்கில் கழிக்க வங்கிக்குப் பொதுவாக உரிமை இல்லை. ஆனால் மாதக் கணக்கு அறிக்கையை உடனுக்குடன் பார்த்து முறையிட வேண்டும். தாமதித்தால் அவ்வுரிமை தேயும். ஓராண்டு கடந்தால் அற்றேபோகும்.

காலம் தவறினால்

நிறுத்த ஆணை வங்கிக்குச் சென்று, அதன்மேல் செயல்பட வங்கிக்கு நியாயமான வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும். வங்கி ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்துவிட்ட காசோலையையும், கொடுப்பதாகச் சான்றளித்துவிட்ட காசோலையையும் பின்னர் நிறுத்த இயலாது. காசோலை வங்கிக்கு வந்த மறு வேலை நாளில் குறிப்பிட்ட ஒரு நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளவும் வங்கிக்கு இடமுண்டு. அந்நேரத்திற்குப் பின் வரும் ஆணை பயனற்றது.

முற்காலத்தில் காகிதக் காசோலை விமானத்திலும் லாரியிலும் ஊர் ஊராகப் பயணம் செய்து நம் வங்கியை அடையச் சில நாட்கள் ஆகும். 'செக் 21' எனப்படும் சட்டம் 2003இல் நிறைவேறி 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்தபின், காகிதத்திற்குப் பதிலாக அதன் படிமம் கணினி வழியே செல்கிறது. இன்று கைப்பேசியில் படம் எடுத்துக் காசோலையை வைப்புச் செய்கின்றனர். நமக்கிருந்த நான்கைந்து நாள் அவகாசம் ஓரிரு நாளாக, சில வேளை சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. வார இறுதியில் யோசித்துத் திங்கட்கிழமை வங்கிக்குப் போகலாம் என்பது இனி உதவாது. வங்கியின் இணையப் பக்கத்திலோ தொலைபேசியிலோ உடனே ஆணையிட்டு, அதற்குரிய உறுதிப்படுத்தும் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பை மெய்ப்பிக்கும் சுமை

இங்கு உரிமையின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். நிறுத்த ஆணையை மீறி வங்கி பணம் கொடுத்தால், நமக்கு இழப்பு ஏற்பட்டது என்பதையும் அது எவ்வளவு என்பதையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. வங்கியின் தவறு மட்டும் போதாது. அத்தவற்றால் நாம் எதை இழந்தோம் என்று காட்ட வேண்டும்.

மூன்று நிலைகளை எண்ணிப் பார்ப்போம். சமையலறையைப் புதுப்பிக்க 3,000 டாலர் காசோலை கொடுத்தோம், வேலை தொடங்கவே இல்லை, நிறுத்தச் சொன்னோம், வங்கி கொடுத்துவிட்டது. நம் இழப்பு முழு 3,000 டாலர். வங்கி அதனை மீண்டும் வரவு வைக்க வேண்டும். இரண்டாவதாக, 1,000 டாலர் மதிப்புள்ள வேலை நடந்து, மீதி வேலை கைவிடப்பட்டது என்றால் இழப்பு 2,000 டாலர் என்று வாதிடலாம். மூன்றாவதாக, உண்மையாகவே நாம் தர வேண்டிய மாத வாடகைக்குக் கொடுத்த காசோலையைக் கோபத்தில் நிறுத்தினோம் என்றால், வங்கி கொடுத்ததால் நம் கடன் தீர்ந்ததேயன்றி இழப்பு எதுவும் இல்லை. அப்போது வங்கி திருப்பித் தர வேண்டியதில்லை. 407ஆம் பிரிவின்படி, பணத்தைக் கொடுத்துவிட்ட வங்கி, பெறுநருக்கு நம்மீது இருந்த உரிமையில் தானே நின்று வாதாட முடியும். நமக்குப் பெறுநர்மீது உள்ள உரிமையில் நின்று அவரிடமிருந்து பணத்தை மீட்கவும் முடியும். 'நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று நம்மை அனுப்பும் வங்கிக்கு, தானே சென்று மீட்கும் வழியைச் சட்டம் திறந்துவைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அக்காசோலையால் கணக்கில் இருப்புக் குறைந்து, அதன்பின் வந்த நம் வேறு காசோலைகள் திரும்பினால், அதனால் விளைந்த இழப்பையும் கேட்கலாம் என்று 403ஆம் பிரிவு கூறுகிறது. காசோலை திரும்பியதற்கான கட்டணங்களையும் வாடகைத் தாமதக் கட்டணத்தையும் அதற்கு உரிய சான்றுகளோடு கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.

ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்களில் "எங்கள் தவறுக்கு நாங்கள் பொறுப்பல்லோம்" என்ற பொருள்பட எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தன் நல்லெண்ணமின்மைக்கும், இயல்பான கவனம் செலுத்தத் தவறியதற்கும் உள்ள பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் வங்கி துறந்துவிட முடியாது என்று 103ஆம் பிரிவு தடுக்கிறது. பல வங்கிகள் நிறுத்த ஆணை ஒன்றுக்கு 30 டாலர் அளவில் கட்டணம் பெறுகின்றன. கட்டணம் பெற்றுக்கொண்டு கடமையை மட்டும் மறுப்பது எவ்வகையில் நியாயம்?

காசோலை நிற்கும், கடன் நிற்காது

இளையோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. நிறுத்த ஆணை இட்டுவிட்டால் தகராறும் முடிந்துவிட்டது என்று கருதுகின்றனர். நிறுத்த ஆணை வங்கியின் கையைத்தான் கட்டும். கடன் கொடுத்தவரின் கையைக் கட்டாது. உரிய காரணமின்றி நிறுத்தினால் பெறுநர் நம்மீது வழக்குத் தொடரலாம். கலிஃபோர்னியாவில் நேர்மையான தகராறு எதுவுமின்றிக் காசோலையை நிறுத்தி, முறையான எழுத்துக் கோரிக்கைக்குப் பின் 30 நாட்களுக்குள்ளும் பணம் தராதவர், காசோலைத் தொகையோடு அதன் மூன்று மடங்கு வரையிலான தண்டத்தையும் தர நேரிடும். அத்தண்டம் 100 டாலருக்குக் குறையாமலும் 1,500 டாலரை மீறாமலும் இருக்கும்.

பெறுநர் அக்காசோலையைக் காசோலை மாற்றும் கடை ஒன்றில் கொடுத்துப் பணம் பெற்றிருந்தால் சிக்கல் மேலும் கூடும். தகராறு எதுவும் அறியாமல், நல்லெண்ணத்துடன், மதிப்புக் கொடுத்துக் காசோலையைப் பெற்ற மூன்றாம் நபருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. "வேலையைச் செய்யவில்லை" என்ற நம் வாதம் வேலைக்காரரிடம் செல்லும், அக்கடைக்காரரிடம் செல்லாது. ஆகவே வேலை முடியுமுன் பெருந்தொகையைக் காசோலையாகக் கொடுக்காமல் இருப்பதே எந்த நிறுத்த ஆணையையும்விட வலிய காப்பு.

இந்தியாவில் கணக்கு வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டு மனைக்கோ கட்டுமானத்திற்கோ இந்திய வங்கிக் காசோலையைக் கொடுத்துவிட்டு இங்கிருந்தபடியே நிறுத்துவோர் உள்ளனர். அங்கே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, சட்டப்படி செலுத்த வேண்டிய கடனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பினால் அதனைக் குற்றமாகவே கருதுகிறது. இரண்டாண்டு வரை சிறையும், தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்கப்படலாம். நிறுத்த ஆணையால் திரும்பிய காசோலைக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் மோடி சிமெண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. இந்நாட்டுப் பழக்கத்தை அந்நாட்டுக் காசோலையில் காட்ட வேண்டாம்.

நிறுத்த முடியாதவை

'கேஷியர்ஸ் செக்' எனப்படும் வங்கியே தன்மீது எழுதும் காசோலையை வாங்கியவர் நிறுத்த முடியாது. அது வங்கியின் வாக்குறுதி. அது தொலைந்துபோனால் உறுதிமொழியுடன் உரிமை கோரலாம். ஆனால் காசோலைத் தேதியிலிருந்து 90 நாட்கள் வரை அக்கோரிக்கைக்கு வலுவில்லை. புதிதாக வந்த மாணவர்கள் இங்கு இன்னொன்றையும் அறிய வேண்டும். முன்பின் அறியாதவர் வேலை தருவதாகக் கூறி இத்தகைய காசோலையை அனுப்பி, மிகுதித் தொகையை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால் அது பெரும்பாலும் மோசடியே. கணக்கில் பணம் எடுக்கக் கிடைக்கிறது என்பதும் காசோலை உண்மையில் தேறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. போலி என்று பின்னர் தெரிந்தால் வங்கி அத்தொகையை மாணவரின் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். அனுப்பிய பணமோ திரும்பாது.

உடற்பயிற்சிக் கூடம், காப்பீடு போன்றவற்றுக்கு மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகைகளுக்கு வேறு சட்டம். 1978ஆம் ஆண்டு மின்னணு நிதி மாற்றச் சட்டமும் அதன்கீழ் உள்ள 'ரெகுலேஷன் ஈ' விதிகளும் இதனை ஆள்கின்றன. கழியவிருக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொன்னால் வங்கி நிறுத்த வேண்டும். வாய்மொழி ஆணையை 14 நாட்களுக்குள் எழுத்தில் உறுதி செய்யுமாறு வங்கி கேட்கலாம். "அந்த நிறுவனத்திடமே போய்ச் சொல்லுங்கள்" என்று வங்கி நம்மைத் திருப்பி அனுப்புவது இவ்விதிக்கு ஒவ்வாது.

ஸெல் போன்ற உடனடிப் பரிமாற்றங்களோ முற்றிலும் வேறு. பெறுநர் அதில் பதிவு செய்தவராக இருந்தால், அனுப்பிய நொடியிலேயே பணம் போய்விடும்; திரும்ப அழைக்க வழியில்லை. காகிதக் காசோலை மெதுவாகச் செல்கிறது என்று எள்ளி நகையாடுகிறோம். அந்த மெதுவான நடையில்தான் மனம் மாறவும், ஏமாற்றத்தைக் கண்டுகொள்ளவும், கட்டளையைத் திரும்பப் பெறவும் நமக்கு இடம் இருந்தது. மத்திய அரசே 2025 செப்டம்பர் 30 முதல் தன் பெரும்பாலான கொடுப்பனவுகளில் காகிதக் காசோலையைக் கைவிடத் தொடங்கிவிட்டது. காசோலை மறையும்போது அதனோடு பிறந்த நிறுத்தும் உரிமையும் ஓசையின்றி மறைந்துவிடலாகாது. விரைவாகப் பணம் அனுப்பும் வசதியைத் தரும் வங்கிகள், ஏமாற்றப்பட்டவருக்கு அதே அளவு பாதுகாப்பையும் தர வேண்டும் என்று கேட்பதில் நம் சமூகமும் குரல் கொடுக்க வேண்டும்.

வங்கி மறுத்தால்

முகப்பில் மறுத்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். முதலில் கிளை மேலாளருக்கும் வங்கியின் தலைமை அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் முறையிடுங்கள். நிறுத்த ஆணையிட்ட நாள், நேரம், உறுதிப்படுத்தும் எண், வங்கி பணம் கொடுத்த நாள், உங்கள் இழப்பு எவ்வளவு, அதற்கான ஒப்பந்தம், நிழற்படம், கடிதங்கள் ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் மாநிலச் சட்டத்தின் 403ஆம் பிரிவை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். சட்டப்பிரிவைச் சுட்டி எழுதிய கடிதம், சுட்டாத கடிதம் சென்று சேரும் மேசையைத் தாண்டி மேலே செல்லும்.

அதற்கும் பயனில்லையெனில், பெயரின் இறுதியில் 'என்.ஏ.' என்ற எழுத்துக்கள் உள்ள தேசிய வங்கிகள் குறித்து அவற்றைக் கண்காணிக்கும் ஓ.சி.சி. அமைப்பிடம் முறையிடலாம், மாநில வங்கிகள் குறித்து மாநில வங்கித் துறையிடம் முறையிடலாம். சிறு தொகை வழக்குகளுக்குரிய நீதிமன்றத்திற்கு வழக்கறிஞரின்றியே செல்லலாம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கு கேட்கலாம். மற்ற மாநிலங்களில் எல்லை வேறுபடும். சட்டத்தொகுப்பின் நான்காம் பகுதியின்கீழ் வழக்குத் தொடரப் பொதுவாக மூன்றாண்டுக் காலம் உண்டு. தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரை நாடுவதே முறை. இத்தலையங்கம் அவருடைய ஆலோசனைக்கு மாற்று ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முதல் வங்கிக் கணக்கைத் திறக்கும் நாளில் பணம் சேமிப்பதை மட்டும் கற்பிக்காமல், கணக்கு ஒப்பந்தத்தையும் சேர்ந்து அமர்ந்து படியுங்கள். இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். தாய்தந்தையருக்காகவும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கிவிட்ட தாத்தா பாட்டிக்காகவும் வங்கிக் கடிதங்களைப் படித்துச் சொல்பவர்கள் நீங்களே. "வங்கி முடியாது என்கிறது" என்று மொழிபெயர்ப்பதோடு உங்கள் பணி முடிந்துவிடவில்லை. "எந்தச் சட்டப்படி முடியாது? எழுத்தில் தாருங்கள்" என்று அவர்கள் சார்பில் கேட்பதும் உங்கள் பணியே.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாக்களுக்கு இடையே ஒரு மாலைப் பொழுதை இத்தகைய அன்றாடச் சட்ட அறிவுக்கு ஒதுக்கலாம். நம்மிடையே வழக்கறிஞர்கள் உள்ளனர். வங்கிகளில் பணிபுரிவோர் உள்ளனர். அவ்வங்கிகளின் மென்பொருளை எழுதுவோரும் உள்ளனர். இவர்கள் ஒரே மேடையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசினால், அந்த மண்டபத்தில் உள்ள ஒரு குடும்பமாவது அடுத்த முறை வங்கி முகப்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பாது. உரிமை சட்டப் புத்தகத்தில் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுவதுதான் நம் கையில் உள்ளது.